10.8 லிட்டர் மினி-ஐடிஎக்ஸ் கேஸ்: டிராயிங் தயார், லேசர் கட்டிங்குக்கு அனுப்பும் முன் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பெட்டிக்கடை கேட்டது:

மினி-ஐடிஎக்ஸ் போர்டு (சிறிய சதுர மதர்போர்டு), எஸ்எஃப்எக்ஸ் எனும் சிறிய வகை பவர் சப்ளை, இரண்டரை ஸ்லாட் தடிமனில் 280 மி.மீ. நீளமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு. இவற்றுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேஸ் வரைந்திருக்கிறேன். வெளி அளவு 335 × 150 × 215 மி.மீ., அதாவது சுமார் 10.8 லிட்டர். நடுவில் ஒரு தகடு நிற்கும். ஒரு பக்கம் போர்டும் பவர் சப்ளையும், மறுபக்கம் கார்டு, இடையில் இரண்டையும் இணைக்கும் ரைசர் கேபிள். ப்ராசசர் கூலர் தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47.

மாடலை ஃப்யூஷன் என்ற 3டி சாஃப்ட்வேரில் ஷீட் மெட்டலாகவே வரைந்தேன். எல்லாப் பாகமும் 2 மி.மீ. அலுமினியம், மூலைகளில் வெல்டிங் இல்லை. கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் விசாரித்தால் ஒரு இடத்தில் ஃப்ளாட் டிஎக்ஸ்எஃப் (விரித்த தகட்டின் 2டி வரைபட ஃபைல்) மட்டும் போதும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 3டி கொடுங்கள், நாங்களே விரித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சில இடங்களில் பெண்டிங் மெஷினே இல்லை, வெளியே கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

என் சந்தேகங்கள்:

1. 2 மி.மீ. அலுமினியம் சரியா, இல்லை இரும்புத் தகடா?
2. ஃபைலை எந்த வடிவத்தில் கொடுத்தால் அளவு மாறாமல் வரும்?
3. போர்டு உட்காரும் ஸ்டாண்ட்ஆஃப்களை (மரை உள்ள சிறு தூண்களை) மெல்லிய தகட்டில் எப்படி நிறுத்துவது?
4. பவுடர் கோட்டிங் செய்தபின் எல்லாம் பொருந்துமா?

---

தகட்டுவேலை:

2 மி.மீ. அலுமினியத்தைப் பின்பக்கத்துக்கு மட்டுமாவது விட்ருங்க. போர்டு டப்பாவுல தனியா வர்ற ஐ/ஓ ஷீல்டு (யுஎஸ்பி மாதிரி சாக்கெட்டுகளைச் சுத்தி வர்ற மெல்லிய தகடு) பின்பக்க சன்னலுக்குள்ள கிளிக்னு உட்காரணும்னா, தகடு 0.94-லிருந்து 1.32 மி.மீ.க்குள்ள இருக்கணும். போர்டு, கேஸ் அளவுகளைச் சொல்ற ஏடிஎக்ஸ் ஸ்பெசிஃபிகேஷன்லயே இருக்கு. சன்னல் அளவு 158.75 × 44.45, கூடக்குறைய 0.2. தகடு 2 மி.மீ.ன்னா ஷீல்டோட பிடிகால் மறுபக்கம் எட்டாது. யுஎஸ்பி செருகும்போதெல்லாம் ஷீல்டு உள்ள போயிடும். ஷீல்டு போர்டுலயே ஒட்டி வர்ற மாடல்னா இன்னைக்குத் தப்பிச்சுக்கலாம், அடுத்த போர்டு மாத்தும்போது மாட்டிக்குவீங்க.

அதனால என் ஓட்டு 1.2 மி.மீ. சிஆர் ஷீட்டுக்கு (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு). "18 கேஜ்"னு சொல்லாதீங்க. இரும்புல 18 கேஜ் 1.22 மி.மீ., அலுமினியத்துல அதே 18 கேஜ் 1.02. மில்லிமீட்டர்லயே எழுதிக் கொடுங்க. கிரில் பட்டறைல பேசுற நூல் கணக்கும் இதுக்கு ஆகாது, ஒரு நூலே மூணு மில்லிக்கு மேல.

எடையைப் பார்த்தா 1.2 இரும்பு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ, 2 மி.மீ. அலுமினியம் 5.4 கிலோ. உங்க பெட்டிக்கு மடிப்பு எல்லாம் சேர்த்து 0.45 சதுர மீட்டர் ஆகும்னு வச்சா 4.2 கிலோவுக்கு 2.4 கிலோ. காற்றுத் துளைகள் போட்டா இன்னும் குறையும். மடிப்பில்லாத தட்டையா பார்த்தா 2 மி.மீ. அலுமினியம்தான் விறைப்பு, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆகவே இரும்புக்குப் போனா பக்கத் தகட்டோட விளிம்புல 10 மி.மீ. மடிப்பு வைங்க. இல்லேன்னா கையில எடுக்கும்போது டின் மாதிரி சத்தம் போடும்.

கவர் மட்டும் அலுமினியம்னு பிடிவாதமா இருந்தா கிரேடு 5052-எச்32 கேட்டு வாங்குங்க. 6061-டி6, 6082-டி6 ரெண்டும் சின்ன ரேடியஸ்ல மடிச்சா வெளிப்பக்கம் கீறல் விடும். கிரேடு சொல்லாம "அலுமினியம் ஷீட்"னு கேட்டா எது கையில இருக்கோ அதுதான் வரும்.

இனி பெண்டிங். எல்லாரும் அடிவாங்குற இடம் இதுதான். உள் ரேடியஸை முடிவு பண்றது உங்க சாஃப்ட்வேர் இல்லை, அவங்க மெஷின்ல இருக்கற வி-டை (தகட்டை உள்ள அழுத்தி மடிக்கற "V" வடிவப் பள்ளம்). 1.2 மி.மீ.க்கு வாய் அகலம் 8 மி.மீ. டை போடுவாங்க. இரும்புல உள் ரேடியஸ் வாய் அகலத்துல ஆறுல ஒரு பங்கு, அதாவது 1.3 மி.மீ. வாக்குல வரும். மடிப்புக் கால் 6 மி.மீ.க்குக் குறைஞ்சா டைக்குள்ள விழுந்திடும், 8 வைங்க. இதுவே 2 மி.மீ. அலுமினியம்னா 12 அல்லது 16 டை, மடிப்புக் கால் 10, 12 வேணும்.

சாஃப்ட்வேர்ல இருக்கற கே-ஃபேக்டரை (மடிப்புல போற நீளத்தைக் கணக்குப் போடற எண்) நம்பாம, மெட்டீரியல் வாங்கினதும் அதே தகட்டுல சரியா 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நடுவுல 90 டிகிரி மடிக்கச் சொல்லுங்க. ரெண்டு காலோட வெளி அளவையும் வெர்னியர்ல எடுத்துக் கூட்டுங்க. 102.2 வந்தா ஒரு மடிப்புக்குக் கழிவு 2.2 மி.மீ. அந்த எண்ணை சாஃப்ட்வேர்ல பெண்ட் டிடக்‌ஷனா போட்டு, பிறகு விரிங்க. ஃப்யூஷன்ல சும்மா இருக்கற செட்டிங்ல, ரேடியஸ் 1.2, கே 0.44-க்கு, கழிவு 2.09 வரும். வித்தியாசம் 0.1 தானேன்னு தோணும். ஒரே பாகத்துல நாலு மடிப்பு இருந்தா அரை மில்லி போயிடும்.

"3டி கொடுங்க, நாங்க விரிச்சுக்கறோம்"னு சொல்ற இடம்தான் நல்லது, பெண்டிங்கும் அவங்களே செய்யறதா இருந்தா. கழிவுக் கணக்கு அவங்க பொறுப்பாயிடும். வெட்டறது ஒருத்தர், மடிக்கறது ஒருத்தர்னா, மடிக்கறவர்கிட்ட டையைக் கேட்டுட்டு நீங்களே விரிச்சுக் கொடுங்க.

டிஎக்ஸ்எஃப் கொடுத்தா:

- அளவு ஒண்ணுக்கு ஒண்ணு, மில்லிமீட்டர். ஒரு பாகத்துக்கு ஒரு ஃபைல். ஃபைல் பேர்லயே தடிமன், மெட்டீரியல், எண்ணிக்கை.
- மடிப்புக் கோடு வேற லேயர்ல. வெட்டுக் கோட்டோட சேர்ந்து கிடந்தா லேசர் அதையும் வெட்டித் தள்ளிடும். இன்னும் பாதுகாப்பா, டிஎக்ஸ்எஃப்ல மடிப்புக் கோடே இல்லாம, கோட்டோட ரெண்டு முனையிலயும் அரை மில்லி வெட்டுக்குறி மட்டும் விட்டுட்டு, மடிப்பு விவரத்தைப் பிடிஎஃப்ல கொடுங்க.
- ஒரே இடத்துல ரெண்டு கோடு படிஞ்சிருந்தா அதே பாதைல ரெண்டு தடவை வெட்டும், ஓரம் கருகும். ஆட்டோகேட்ல ஓவர்கில் ஓட்டுங்க. ஸ்ப்லைனை ஆர்க்கா மாத்துங்க.
- பிடிஎஃப்ல மடிச்ச பிறகான வெளி அளவு, மேல் மடிப்பா கீழ் மடிப்பா, எது வெளிப்பக்கம். மூணும் கட்டாயம்.

வடிவத்தைப் பொறுத்தவரை, நாலு பக்கமும் மடிஞ்சு மூடுற பெட்டியா வரைஞ்சிருந்தா நாலாவது மடிப்புல பஞ்ச் (மேல இருந்து அழுத்தற கருவி) வெளிய வராது. ரெண்டு "ப"வா பிரிச்சுக்கங்க: பின், அடி, முன் மூணும் ஒரே தகடு, இடது, மேல், வலது மூணும் ஒரே தகடு கவரா. நடுத் தகடு தனி, அடியிலயும் பின்னாலயும் மடிப்பு வச்சு 3.2 மி.மீ. பாப் ரிவெட். வெல்டிங் வேண்டாம்னு நீங்க எடுத்த முடிவு சரி, 1.2 தகடு சூட்டுல நெளியும்.

துளை எதுவும் மடிப்புக்கு 4 மி.மீ.க்குள்ள வரக்கூடாது, வந்தா முட்டை வடிவமா இழுபடும். மூலைல ரெண்டு மடிப்பு சந்திக்கற இடத்துல குறைஞ்சது 1.5 மி.மீ. அகலம், 3 ஆழத்துக்கு ரிலீஃப் வெட்டு கொடுங்க.

---

ஐடிஎக்ஸ் பித்தன்:

தகடு பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. பாகங்கள் பொருந்தும் அளவுகளை மட்டும் எழுதுகிறேன்.

மினி-ஐடிஎக்ஸ் போர்டு 170 × 170. நான்கு துளைகளும் ஒரு செவ்வகத்தின் மூலைகள் என்று நினைத்து வரைவதுதான் வழக்கமான பிழை. அடிப்படைச் சட்டம் 157.48 × 154.94, அதில் ஐ/ஓ பக்கத்துத் துளை ஒன்று மட்டும் 22.86 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும், அந்த ஓரத்தில் இடைவெளி 132.08 ஆகிவிடும். பழைய ஏடிஎக்ஸ் கேஸ்களில் இருந்த துளைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று வியா 2001-இல் இந்த அளவைக் கொண்டுவந்தபோதே வந்த கோணல் இது. உங்களுக்கு இதனால் ஒரு லாபம் உண்டு: மடிப்புத் திசை தவறி நடுத் தகடு கண்ணாடிப் பிம்பமாக வந்திருந்தால் இந்த ஒரு துளை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அனுப்பும் முன் நடுத் தகட்டையும் பின்பக்கத்தையும் ஏ3 தாளில் ஒன்றுக்கு ஒன்று அச்சிட்டு, மேலே போர்டை வைத்துப் பாருங்கள். தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து ஸ்கேலால் அளந்துவிடுங்கள்; பிரிண்டர் "பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு" என்று தானாக 97 சதவீதம் ஆக்கியிருக்கும். தாளில் சரியாக இருந்தால் 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் ஒரு மாதிரி வெட்டிப் பார்க்கலாம். ஆனால் எம்டிஎஃப் மடியாது, ஆகவே மடிப்புக் கழிவை அது சோதிக்காது. உள் இட நெருக்கடியை மட்டும் காட்டும்.

அகலக் கணக்கு: ஸ்டாண்ட்ஆஃப் 6.5, போர்டு 1.6, ப்ராசசர் மேல்தளம் வரை 7 முதல் 8, கூலர் 47. மொத்தம் 63 சொச்சம். எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையின் உயரமும் 63.5 தான் (125 × 63.5 × 100), இரண்டும் ஒரே பக்கம் நிற்பதற்கு வாகாக அமைந்திருக்கிறது. கூலர் விசிறிக்கும் கவருக்கும் 4 மி.மீ. விடுங்கள். கார்டு பக்கம், நடுத் தகட்டிலிருந்து பேக்பிளேட் (கார்டின் பின்தகடு) வரை 10, கார்டு 50, விசிறி முன் 5. எல்லாம் கூட்டினால் 137 மி.மீ. போல வருகிறது. 150-இல் மிச்சமிருக்கும் 13 மி.மீ.யைக் கார்டு பக்கத்துக்கே கொடுங்கள், அடுத்த தலைமுறை கார்டு எதுவும் மெலியப்போவதில்லை.

ஸ்லாட் இடைவெளி 20.32. இரண்டரை ஸ்லாட் கார்டானாலும் பின்னால் பிராக்கெட் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்தான், கார்டு தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிராக்கெட்டின் கீழ்நாக்கு நுழைய பின்பக்கத்தில் தனிப் பள்ளம் வேண்டும். அதை விட்டுவிட்டால் கார்டு மேல் திருகில் மட்டும் தொங்கும்.

ரைசர் சாக்கெட்டின் திருகு இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வட்டத் துளைக்குப் பதில் 3.4 × 8 நீள்துளை போடுங்கள். பிசிஐஇ 4.0 கார்டை 3.0 ரைசரில் மாட்டினால் திரை வராமல் போகலாம், அல்லது விளையாட்டின் நடுவில் உறையலாம். கேஸில் தவறு தேடாமல் முதலில் பயாஸில் ஸ்லாட்டை 3.0 ஆக்கிப் பாருங்கள்.

உயரம் 215-இல் ஒரு எச்சரிக்கை. கீழே ரைசர் சாக்கெட் 25 முதல் 30 எடுத்துக்கொள்ளும், கார்டு 130. மேலே 16 முனை பவர் கேபிளுக்கு, பிளக்கிலிருந்து 35 மி.மீ. வரை வளைக்காமல் விடச் சொல்வார்கள். உள் உயரம் 212 என்றால் இடம் இருக்கிறது, ஆனால் 145 அகலமுள்ள கார்டு போடும் எண்ணமிருந்தால் இப்போதே உயர்த்திவிடுங்கள்.

---

பெட்டிக்கடை:

மிகவும் நன்றி. இரண்டு "ப" வடிவத்துக்கு மாற்றிவிட்டேன், 1.2 சிஆர் ஷீட். இன்னும் இரண்டு கேள்விகள்.

பெண்டிங் செய்யும் இடத்தில் கிளின்ச் நட் (தகட்டுத் துளையில் அழுத்திப் பதிக்கும் நட்) அடிக்கும் மெஷின் இல்லையாம். ரிவ்நட் (ரிவெட் போலப் பிடித்துக்கொள்ளும் நட்) போட்டுக்கொள்ளலாமா?

இரண்டு பக்கத் தகட்டிலும் 300 × 180 பரப்புக்கு 3 மி.மீ. வட்டத் துளைகள், மையத்துக்கு மையம் 4 மி.மீ., தேன்கூடு அடுக்கில் போட்டிருக்கிறேன். இதில் சிக்கல் உண்டா?

---

தகட்டுவேலை:

துளையை எண்ணிப் பார்த்தீங்களா? 300 × 180-ல அந்த அடுக்குல ஒரு பக்கத்துக்கு சுமார் 3,900 துளை. ரெண்டு பக்கமும் 7,800. லேசருக்கு ஒவ்வொரு துளையும் ஒரு பியர்சிங் (தகட்டைப் புதுசா குத்தி வெட்டு ஆரம்பிக்கறது), அதுக்கும் சேர்த்துத்தான் காசு. வெட்டு நீளம் மட்டும் ஒரு பக்கத்துக்கு 36 மீட்டருக்கு மேல. செலவை விடுங்க, அவ்வளவு சூடு ஒரே இடத்துல இறங்கினா தகடு நடுவுல வயிறு தள்ளிடும். மடிச்ச பிறகு அதை நேராக்க முடியாது.

4 மி.மீ. அகலம், 40 நீளத்துக்கு முனை வளைஞ்ச நீள்துளை போடுங்க. குறுக்கே 7 மி.மீ., நீளவாக்குல 45 மி.மீ. இடைவெளி. ஒரு பக்கத்துக்கு 170 துளைல முடியும், வெட்டு நீளம் 14.5 மீட்டர். காற்றுக்கான திறப்பு ரெண்டுலயும் கிட்டத்தட்ட 50 சதவீதம்தான். வட்டத் துளையோட அழகுதான் வேணும்னா 4 மி.மீ. துளை, 5 மி.மீ. இடைவெளி, அதுவும் விசிறிக்கு நேரா மட்டும். திறப்பு 58 சதவீதம் கிடைக்கும்.

எப்படிப் போட்டாலும் மடிப்புக்கோட்டுல இருந்து 15 மி.மீ. தள்ளி ஆரம்பிங்க. ரெடிமேடா துளை போட்ட ஷீட்டை வாங்கி மடிக்கற யோசனை வந்தா விட்ருங்க, மடிப்பு துளை மேல ஓடும்போது ஓரம் அலைஅலையா வரும்.

கிளின்ச்: பெரிய மெஷின் தேவையில்லை, கையால சுத்துற ஃப்ளை பிரஸ் இருக்கற பட்டறை போதும். மேலயும் கீழயும் தட்டையான இணை முகம் இருக்கணும். எம்3-க்குத் துளை 4.25 மி.மீ., லேசர்ல நேரா வெட்டி விட்டா போதும், ட்ரில் பண்ணாதீங்க. சுத்தியலால அடிச்சா சாஞ்சு உட்காரும், அப்புறம் ஸ்க்ரூ முறுக்கும்போது மொத்தமும் சுத்தும். ஸ்டாண்ட்ஆஃப்பை நடுத் தகடு தட்டையா இருக்கும்போதே அடிச்சிடுங்க, மடிப்புக்கு 10 மி.மீ. தள்ளி இருந்தா பெண்டிங்ல இடிக்காது.

ஒரு விஷயம்: கிளின்ச் ஸ்டாண்ட்ஆஃப் 6 மி.மீ. நீளத்துல வாங்கினா, நீங்க 6.5-னு வரைஞ்ச ஐ/ஓ சன்னல் அரை மில்லி தள்ளிப் போகும். எது கைக்கு வருதோ அதை வாங்கிட்டு, அதுக்கப்புறம் சன்னலை வரைங்க.

---

திருகாணி:

ரிவ்நட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. போர்டு ஸ்டாண்ட்ஆஃப்புக்கு அது வேண்டவே வேண்டாம். தலை முக்கால் மில்லி, ஒரு மில்லி துருத்தும், உயரம் கெடும். ஆனால் கவர் பூட்டும் இடங்களுக்கு எம்4 ரிவ்நட் தாராளமாகப் போடலாம், அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு 1.2 தகட்டில் மரை போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். 1.2 தகட்டில் எம்3 மரை போட்டால் மொத்தமே இரண்டரைச் சுற்றுதான் கிடைக்கும், நான்கைந்து முறை கழற்றினால் வழுக்கும்.

எம்3 ரிவ்நட்டுக்கு 5 மி.மீ. துளை, எம்4-க்கு 6. உடலில் வரிவரியாகக் கோடு போட்ட வகை வாங்குங்கள், வழுவழுப்பானது சுற்றும். பவுடர் கோட்டிங் முடிந்தபின் அடிப்பதானால் துளையை 0.15 பெரிதாக வெட்டச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் சேர்ந்து உள்ளே போகாது.

கிளின்ச்சும் இல்லை, ஃப்ளை பிரஸ்ஸும் இல்லை என்றால்: நடுத் தகட்டில் 3.2 துளை, ஆண் மரை உள்ள பித்தளை ஸ்டாண்ட்ஆஃப், பின்னால் எம்3 நட், ஒரு சொட்டு லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை). நட் மறுபக்கம் இரண்டரை மில்லி துருத்தும், அந்தப் பக்கம் கார்டின் பேக்பிளேட்டுக்கு 10 மி.மீ. விட்டிருப்பதால் இடிக்காது.

இன்னொன்று. பவர் சப்ளைக்கும் 3.5 இன்ச் டிஸ்க்குக்கும் வருவது 6-32 திருகு (இன்ச் மரை), போர்டுக்கும் 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கும் எம்3. எம்3 திருகு 6-32 துளையில் லொடலொடவென்று பாதிவரை போகும், பூட்டியது போலவே இருக்கும். பவர் சப்ளை துளைகளை 4 மி.மீ. வெட்டி, அதனுடன் வரும் திருகையே பயன்படுத்துங்கள். 120 விசிறிக்குத் துளை இடைவெளி 105, 92-க்கு 82.5, துளை விட்டம் 4.5.

---

மைக்ரான் 80:

பவுடர் கோட்டிங் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன 1.2 தகட்டுக் கணக்கு அங்கேதான் உடைகிறது.

கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.16 மி.மீ. வரை. 1.2 தகடு 1.36 ஆகும். ஐ/ஓ ஷீல்டுக்கு உச்சவரம்பு 1.32. அதாவது வெறும் தகட்டில் கச்சிதமாக உட்கார்ந்த ஷீல்டு, பெயிண்ட் அடித்தபின் உட்காராது. வழி: சன்னலைச் சுற்றி உள்பக்கம் 5 மி.மீ. பட்டைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். தடிமன் 1.28-க்குள் நிற்கும். ஷீல்டின் விரல்கள் வெற்று உலோகத்தைத் தொட்டு எர்த் ஆவதற்கும் அது தேவைதான். சன்னலின் வெட்டு ஓரத்திலும் பெயிண்ட் ஏறும், ஆகவே சன்னலை 158.9 × 44.6 என்று வரையுங்கள்.

இதே கணக்கில் கவருக்கும் அடிப்பெட்டிக்கும் பக்கத்துக்கு 0.5 மி.மீ. இடைவெளி விட்டால், கோட்டிங்குக்குப் பின் 0.34 மிஞ்சும். 0.2 விட்டால் கவர் உரசிக்கொண்டே இறங்கி முதல் நாளே பெயிண்டை வழித்துவிடும்.

லேசர் வெட்டும்போது நைட்ரஜனா, ஆக்சிஜனா என்று கேளுங்கள். ஆக்சிஜனில் வெட்டினால் ஓரத்தில் கருநீல ஆக்சைடு படலம் இருக்கும். பெயிண்ட் அதன்மேல் ஒட்டும், பிறகு அந்தப் படலத்தோடு சேர்ந்து உரியும். 1.2 தகட்டுக்கு நைட்ரஜன்தான் சரி. ஆக்சிஜன் மட்டுமே இருக்கும் இடமென்றால் ஓரங்களை எமரி போட்டுத் தேய்த்தபின் கொடுங்கள்.

கோட்டிங் இடத்தில் செவன் டேங்க் உண்டா என்று பாருங்கள்: எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, இடையிடையே அலசும் முறை. சிஆர் ஷீட்டில் எண்ணெய் பூசித்தான் வரும். துணியால் துடைத்துவிட்டு அடிக்கிற இடத்தில் ஆறு மாதத்தில் கொப்புளம் வரும். ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) வேண்டாம், 180–200 டிகிரி அடுப்பில் வாயு வெளியேறி ஊசித் துளைகள் விடும்.

நிறம்: கருப்பு ரால் 9005, வெள்ளை ரால் 9016 என்று எண்ணோடு சொல்லுங்கள். ஒரே ஒரு பெட்டிக்காக வேறு நிறம் கேட்டால் கன், ஹாப்பர் எல்லாம் கழுவ வேண்டியிருக்கும் என்பதால் எடுக்கமாட்டார்கள், அல்லது அதற்கான கூலியைக் கேட்பார்கள். அவர்கள் வழக்கமாகக் கருப்பு ஓட்டும் நாளில் கொடுத்துவிடுவது எளிது. பளபளப்பு வேண்டாம், டெக்ஸ்ச்சர் கேளுங்கள். வெர்னியர் கீறலும் லேசர் அடிப்பக்கத் தழும்பும் மறைந்துவிடும்.

ஐயா ஒருவேளை அலுமினியக் கவருக்குத் திரும்பி அனோடைஸிங் யோசித்தால்: இரும்பு கிளின்ச் நட்டை முன்னாலேயே அடித்துவிடாதீர்கள், அமிலத் தொட்டியில் அது கரையும். அனோடைஸ் படலம் 10, 15 மைக்ரான்தான், தகட்டிலிருக்கும் ஒரு சிராய்ப்பையும் மறைக்காது.

---

எர்த்து:

மாஸ்கிங் பேச்சு வந்ததால் ஒன்று. பெட்டி முழுக்கப் பெயிண்ட் என்றால் பெட்டி எர்த் ஆகாமல் போக வாய்ப்பிருக்கிறது. பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களால், எர்த் இணையாத உலோகப் பெட்டி 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனால் கை பட்டால் சுரீர் என்று இருக்கும், யுஎஸ்பி ஹெட்செட்டில் இரைச்சல் கேட்கும்.

பெயிண்ட் படக்கூடாத இடங்கள்: பவர் சப்ளை முகம் ஒட்டும் பரப்பில் ஒரு திருகைச் சுற்றி 10 மி.மீ. வட்டம், நடுத் தகடு ரிவெட் ஆகும் மடிப்பில் ஒரு முகம், கவர் பூட்டும் திருகுகளில் ஏதாவது ஒன்றின் அடி. பிடிஎஃப்பில் இந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு "நோ பெயிண்ட்" என்று எழுதுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும். பூட்டி முடித்ததும், பிளக் சுவரில் இல்லாதபோது, பவர் கார்டின் தடித்த எர்த் பின்னுக்கும் கவருக்கும் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். வராவிட்டால் கவர் திருகுக்கடியில் பல்லுள்ள ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கினால் பெயிண்டைக் கீறி உள்ளே போய்விடும்.

---

பெட்டிக்கடை:

எல்லாவற்றையும் டிராயிங்கில் சேர்க்கிறேன். கடைசியாக: பெண்டிங் முடிந்து பாகம் கைக்கு வந்ததும் நேராகக் கோட்டிங்குக்கு அனுப்பலாமா?

---

தகட்டுவேலை:

அனுப்பாதீங்க. வரிசை இதுதான்: வெட்டு, பிசிறு எடுக்கறது, மரை, நடுத் தகட்டுல கிளின்ச், மடிப்பு, வெறும் தகட்டுல ஒரு தடவை முழுசா பூட்டிப் பார்க்கறது, அதுக்கப்புறம் மாஸ்கிங், கோட்டிங், கடைசில ரிவெட்டும் ரிவ்நட்டும். பூட்டிப் பார்க்க உங்க நல்ல போர்டைக் கொண்டு போகாதீங்க, தகட்டுப் பிசிறு உள்ள விழும். சர்வீஸ் கடைல செத்த ஐடிஎக்ஸ் போர்டு ஒண்ணு கேளுங்க. அதோட பவர் சப்ளை, ஐ/ஓ ஷீல்டு, கார்டுல இருந்து கழட்டின பிராக்கெட் மட்டும், ஒரு 90 டிகிரி மட்டம். மடிப்பு 91, 92 டிகிரியா திறந்திருந்தா பெண்டிங் இடத்துலயே அப்பவே திரும்ப ஒரு அழுத்து அழுத்தித் தருவாங்க, பெயிண்ட் அடிச்ச பிறகு கேட்டா விரிசல் விடும்.

ஒண்ணுக்கு ரெண்டு செட்டா வெட்டச் சொல்லுங்க. ஒரு செட்டுக்கு வாங்கற காசுல பெரும்பகுதி புரோகிராம் போடறதுக்கும் டை மாத்தறதுக்கும்தான் போகுது, ரெண்டாவது செட்டுக்குத் தகடும் வெட்டு நேரமும்தான் கூடும். அந்த ரெண்டாவது செட்டை மடிக்காம தட்டையா வச்சுக்கங்க, முதல்ல மடிச்சதுல எங்கயாவது தப்பினா டிடக்‌ஷனைப் பார்த்துட்டு இதை மடிக்கலாம்.

டிராயிங்கை மூடறதுக்கு முன்ன ஒவ்வொரு பாகத்துலயும் மறைவான மடிப்புல 4 மி.மீ. துளை ரெண்டு சேர்த்திடுங்க. கோட்டிங் லைன்ல தொங்கவிட அவங்களுக்குக் கொக்கி மாட்ட இடம் வேணும். நீங்க கொடுக்கலேன்னா முகப்புல இருக்கற பவர் பட்டன் துளைல மாட்டுவாங்க, கொக்கி தொட்ட இடத்துல பெயிண்ட் இருக்காது.